டிரம் விலையைக் கேட்பதற்கு முன்: நீட் கட்டிங் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

வியாசர்பாடி, கொடுங்கையூர், மாதவரம் பக்கம் சிறு பட்டறை நடத்துபவர்கள் கட்டிங் ஆயில் (உலோகத்தை வெட்டும்போது கருவியின் மேல் ஊற்றும் எண்ணெய்) வாங்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். டிரம் அடிமட்டத்துக்கு வந்த பிறகு பாரிமுனைக் கடைக்குப் போன் செய்து, "போன முறை அனுப்பியதையே அனுப்புங்கள்" என்பார்கள். விலை ஏறியிருந்தால், "அதைவிடக் குறைவாக என்ன இருக்கிறது?" என்பது அடுத்த கேள்வி. லட்சக்கணக்கில் மெஷின் வாங்கியவர், ஆயிரக்கணக்கில் டேப்பும் (துளைக்குள் திரெட் எனும் மரையை வெட்டும் கருவி) டிரில்லும் வாங்குபவர், அவை இரண்டையும் காப்பாற்றும் எண்ணெயை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கூடத்தில் என் பட்டறை இருக்கிறது. இரண்டு பழைய ஆட்டோமேட்டிக் லேத், ஒரு சி.என்.சி. (கணினியால் இயங்கும்) லேத், டிரில்லிங் மெஷின், டேப்பிங் மெஷின். ஹைட்ராலிக் ஃபிட்டிங், பித்தளை நாசில், எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு) அடாப்டர் ஆகியவைதான் அன்றாட வேலை. எண்ணெய் வாங்கும்போது நான் கேட்டுக்கொள்வது இரண்டு கேள்விகள். இந்த மெஷினில் நடக்கும் வேலைகளில் மிகக் கடினமானது எது? இந்த எண்ணெய் நனைக்கப்போகும் உலோகங்களில் மிகச் சீக்கிரம் கெடக்கூடியது எது? எண்ணெய்க்கு எவ்வளவு வலு வேண்டும் என்பதை முதல் கேள்வி சொல்லும். எந்த வகை வலு கூடாது என்பதை இரண்டாவது சொல்லும். மற்றவை எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

முதலில், நீட் ஆயில் தேவைதானா?

தண்ணீரில் கலக்கும் சொலுபிள் ஆயில் சூட்டை எடுக்கும். நீர் கலக்காத நீட் ஆயில் வழுக்கலைக் கொடுக்கும். ஒரு கிலோ தண்ணீர் உள்வாங்கும் சூட்டில் ஏறக்குறைய பாதியைத்தான் ஒரு கிலோ எண்ணெய் உள்வாங்கும். ஆகவே கார்பைடு இன்சர்ட் (மிகக் கடினமான வெட்டுமுனைத் துண்டு) போட்டு வேகமாகத் திருப்பும் சாதாரண டர்னிங், மில்லிங் வேலைகளுக்கு நீட் ஆயிலைத் தேடி அலைய வேண்டாம்; சொலுபிள் ஆயிலே போதும். கருவி மெதுவாக நகர்ந்து, உலோகத்தோடு கடுமையாக உரசி, வெட்டுப்பட்ட உலோகச் சுருள் வெளியேற இடமில்லாமல் திணறும் வேலைகள்தான் நீட் ஆயிலுக்கு உரியவை. டேப் போடுதல், திரெட் ரோலிங் (மரையை அழுத்தி உருவாக்குதல்), புரோச்சிங் (பல்வரிசைக் கருவியை இழுத்து வெட்டுதல்), எச்.எஸ்.எஸ். (ஹைஸ்பீடு ஸ்டீல்) ஹாப் வைத்துக் கியர்ப் பல் வெட்டுதல், கன் டிரில் (ஆழமான துளை போடும் கருவி), ஹோனிங் (துளைச் சுவரைத் தேய்த்து மெருகேற்றுதல்), ஆட்டோமேட்டிக் லேத்தில் ஃபார்ம் டூல் (வடிவத்தை ஒரே தடவையில் வெட்டும் கருவி) வேலை எல்லாம் இந்த வகையில் சேரும்.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்காற்றில் உப்பு அதிகம். சொலுபிள் ஆயிலில் ஓடிய எம்.எஸ். ஜாப்பை (சாதாரண எஃகில் செய்த பொருளை) ராத்திரி டிரேயில் விட்டுப் போனால் காலையில் துருப் புள்ளி தெரியும். நல்ல நீட் ஆயில் படலம் அடுத்த ஆபரேஷன் வரை ஜாப்பைக் காக்கும். அதற்காக மட்டும் எல்லா மெஷினையும் நீட் ஆயிலுக்கு மாற்றிவிடாதீர்கள். துரு தடுப்பு எண்ணெயில் ஜாப்பை முக்கி எடுப்பது அதைவிட மலிவு.

கடினமான வேலை எது?

ஒரே மெஷினில் டர்னிங், டிரில், டேப் மூன்றும் நடக்கிறதென்றால் டேப்புக்குத்தான் எண்ணெய் வாங்க வேண்டும். டேப்புக்குத் தாங்கும் எண்ணெய் டர்னிங்குக்கும் தாங்கும். டர்னிங்குக்குப் போதுமான எண்ணெயில் டேப் போட்டால் திரெட் கிழியும், டேப் உடையும். சாதாரண வேலையிலிருந்து கடுமையான வேலை நோக்கி வரிசைப்படுத்தினால் டர்னிங், மில்லிங், டிரில்லிங், ஹாபிங், டேப்பிங், புரோச்சிங் என்று போகும்.

இதே போல உலோகத்துக்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஈ.என். 1ஏ எளிதாக வெட்டுப்படுவதற்கென்றே கந்தகம் சேர்த்துச் செய்த எஃகு. அதற்கு இலேசான எண்ணெய் போதும். ஈ.என். 8 நடுத்தரம். ஈ.என். 24 கலப்பு எஃகு, கொஞ்சம் வலு கேட்கும். எஸ்.எஸ். 304 தனி ரகம். அது வெட்டும்போதே இறுகிக்கொள்ளும். மழுங்கிய டிரில் துளைக்குள் வெட்டாமல் தேய்த்தால் துளைச் சுவர் கெட்டியாகிவிடும். பிறகு உள்ளே போகும் டேப்தான் பலியாகும். ஆகவே எஸ்.எஸ்.ஸில் டேப் உடைகிறதென்றால் டேப்பிங் மெஷின் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை. துளை போடும் இடத்தில் என்ன எண்ணெய் விழுகிறது, டிரில் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

வலு எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடைக்காரரின் பேச்சில் மயங்க மாட்டீர்கள். வெறும் மினரல் எண்ணெய்க்கு வலு குறைவு. அதில் கொழுப்பெண்ணெய் சேர்த்தால் அது உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு படலமாக நிற்கும். என் தந்தை பெரம்பூர் ரயில்வே பணிமனையில் டர்னராக இருந்தவர். டேப் வேலைக்கென்று கொழுப்பெண்ணெயைத் தனி டப்பாவில் வைத்திருப்பார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. அந்தக் காலத்து அறிவு இன்றும் சரிதான். ஆனால் சூடு ஏற ஏறக் கொழுப்புப் படலம் தாங்காது. அந்த இடத்தில் வேலை செய்யத்தான் குளோரின், பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த பொருள்களைக் கலக்கிறார்கள். அவை வெட்டுமுனைச் சூட்டில் இரும்போடு வினைபுரிந்து, ஒட்டிக்கொள்ளாத ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கும். குளோரின் குறைந்த சூட்டிலேயே வேலை தொடங்கும். கந்தகம் அதைவிட அதிகச் சூட்டிலும் நின்று பிடிக்கும்.

குளோரின் எண்ணெய் எஸ்.எஸ். வேலைக்கு அருமையாக உழைக்கும் என்பதை மறுக்கவில்லை. இருந்தாலும் புதிதாக வாங்குபவர்கள் குளோரின் இல்லாத எண்ணெயையே கேளுங்கள் என்பேன். ஜாப்பைச் சரியாகக் கழுவாவிட்டால் மிச்சமிருக்கும் குளோரின் ஈரக் காற்றில் அரிப்பைத் தொடங்கிவிடும். கழிவு எண்ணெயைத் தள்ளுவதும் சிக்கல். குறுகிய சங்கிலிக் குளோரினேட்டட் பாரஃபின்களை 2017இலும், நடுத்தரச் சங்கிலி வகையை 2025இலும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை தன் தடைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஏற்றுமதி ஜாப் செய்பவர்களிடம் வாடிக்கையாளரே கேட்கப்போகிறார். டைட்டானியம் ஜாப் எடுத்தால் வரைபடத்தின் குறிப்புகளை முதலில் படியுங்கள். விமானத் துறையில் குளோரின் எண்ணெயை விலக்குவது வழக்கம்.

சீக்கிரம் கெடும் உலோகம் எது?

கந்தகத்தில் இரண்டு வகை. ஒன்று, கொழுப்போடு இறுக்கமாகப் பிணைந்து கிடப்பது. இன்னொன்று, எளிதில் விடுபட்டு வினைபுரியும் 'ஆக்டிவ்' கந்தகம். ஆக்டிவ் வகை எஃகில் மெதுவாக நடக்கும் கடும் வேலைக்கு, அதாவது புரோச்சிங்குக்கும் பெரிய திரெட்டுக்கும், மிக நன்றாக உழைக்கும். ஆனால் தாமிரம் கலந்த எதையும் அது விடாது. பித்தளை ஜாப் முதலில் மங்கும், பிறகு பழுப்பாகும், கடைசியில் கறுத்துப்போகும்.

"நான் பித்தளை ஓட்டுவதே இல்லை, எனக்கென்ன?" என்று கேட்கலாம். ஜாப்பை மட்டும் பார்க்காதீர்கள், மெஷினுக்குள்ளும் பாருங்கள். பழைய ஆட்டோமேட்டிக் லேத்துகளில் வெண்கலப் புஷ்ஷும் வெண்கல வார்ம் வீலும் உண்டு. கட்டிங் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து கியர் எண்ணெயோடு கலக்காத பழைய மெஷினை நான் பார்த்ததில்லை. ஆக்டிவ் கந்தகம் அங்கே போனால் புஷ் அரித்து ஆட்டம் கொடுக்கும். கூலன்ட் பம்பில் பித்தளை உதிரிகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள்.

ஒருமுறை எண்ணெய் விற்க வந்த தம்பி, "இது எல்லா மெட்டலுக்கும் போகும் அண்ணா" என்றார். "தாமிரப் பட்டைச் சோதனையில் என்ன வந்தது தம்பி?" என்று கேட்டேன். அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகப் போனார். எண்ணெயில் முக்கிய செம்புப் பட்டை எவ்வளவு கறுக்கிறது என்பதை 1 முதல் 4 வரை எண்ணால் சொல்லும் சோதனை அது. பிறகு வந்த தாளில் '4', அதாவது கறுத்துப்போனது, என்று இருந்தது. எஃகு மட்டும் ஓட்டுபவருக்கு அது குற்றமில்லாத எண்ணெய். பித்தளை நாசில் ஓட்டுபவருக்கு அதை விற்பது அநியாயம்.

பித்தளைக்கு மெல்லிய, ஆக்டிவ் கந்தகம் இல்லாத, கொழுப்பு சேர்ந்த எண்ணெய் போதும். அலுமினியத்துக்கும் அப்படியே, அதில் சுருள் கருவியின் முனையில் ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மெக்னீசியத்தில் தண்ணீர் பட்டால் ஆபத்து. மெல்லிய நீட் ஆயில், கையருகே உலோகத் தீயை அணைக்கும் பொடி, சுருளை அவ்வப்போது அகற்றுதல் என்ற ஏற்பாடுகள் இல்லாமல் அந்த ஜாப்பை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை

எண்ணெய்க்குத் தொழில்நுட்பத் தாள், பாதுகாப்புத் தாள் என இரண்டு உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். இந்தியத் தர நிர்ணயத்தில் நீட் கட்டிங் ஆயிலுக்கு ஐ.எஸ். 3065 என்று தனித் தரமே இருக்கிறது, சொலுபிளுக்கு ஐ.எஸ். 1115.

முதல் எண் பாகுத்தன்மை, அதாவது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பது. 40 டிகிரி சூட்டில் எத்தனை சென்டிஸ்டோக் என்று போட்டிருக்கும். ஹோனிங்குக்கு 3 முதல் 8 வரை, கன் டிரில்லுக்கு 10 முதல் 20 வரை, ஆட்டோமேட்டிக் லேத்துக்கு 20 முதல் 32 வரை, டேப்புக்கும் புரோச்சிங்குக்கும் 32, 46 என்று போகும். மெல்லிய எண்ணெய் இடுக்கில் புகும், சுருளை அடித்துக்கொண்டு போகும். ஆனால் புகையாகப் பறக்கும். கெட்டியான எண்ணெய் படலமாக நிற்கும்; ஆனால் சுருளோடு ஒட்டிக்கொண்டு வெளியே போய்விடும். சென்னைக் கோடையில் டேங்க் எண்ணெய் 40 டிகிரியைத் தொட்டுவிடுவதால் தாளில் உள்ள எண்ணை அப்படியே நம்பலாம். மார்கழிக் காலையில் 25 டிகிரியில் அதே எண்ணெய் ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியாக இருக்கும். கன் டிரில் வைத்திருப்பவர்கள் காலையில் பம்பைக் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டாவது தீப்பற்றுநிலை, அதாவது எண்ணெய் தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கத் தொடங்கும் சூடு. நடுத்தர எண்ணெய்களுக்கு 160, 180 டிகிரி என்றும் அதற்கு மேலும் இருக்கும். ஹோனிங் எண்ணெய் மெல்லியது என்பதால் குறைவாகவே இருக்கும். இங்கே ஒரு பழக்கத்தைக் கடுமையாகக் கண்டிக்க வேண்டும். எண்ணெய் கெட்டியாக இருக்கிறது, விலையும் அதிகம் என்று மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கிறார்கள். மண்ணெண்ணெய் 35, 40 டிகிரியை ஒட்டியே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கத் தொடங்கும். நம் ஊரில் மே மாத மதியமே அந்தச் சூடு வந்துவிடுகிறது. கொஞ்சம் கலந்தாலும் முழு டேங்கின் தீப்பற்றுநிலையும் இறங்கிவிடும். மெல்லிய எண்ணெய் வேண்டுமென்றால் மெல்லிய எண்ணெயாகவே வாங்குங்கள். சி.என்.சி.யில் கார்பைடு வைத்து நீட் ஆயில் ஓட்டுபவர்கள், எண்ணெய் வரத்து நின்றால் மெஷினும் உடனே நிற்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டும். எண்ணெய் நின்ற பிறகும் ஓடும் இன்சர்ட் அருகே எண்ணெய்ப் புகை இருந்தால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது, தாமிரப் பட்டை எண். 1 என்றால் கவலையில்லை. 4 என்றால் எஃகுக்கு மட்டும். நான்காவது, கந்தகமும் குளோரினும் கொழுப்பும் எவ்வளவு என்பது. ஐந்தாவதாகப் பாதுகாப்புத் தாளில் அடிப்படை எண்ணெய் நன்றாகச் சுத்திகரிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஐ.பி. 346 (புற்றுநோய் தரும் பொருள்களின் அளவைப் பார்க்கும்) சோதனையில் 3 சதவீதத்துக்குக் கீழே என்று எழுதியிருக்க வேண்டும். சரியாகச் சுத்திகரிக்காத மினரல் எண்ணெய் தோல் புற்றுநோயைத் தரும் என்பது நெடுங்காலமாக நிறுவப்பட்ட உண்மை. பழைய எஞ்சின் ஆயிலை வடிகட்டிக் கட்டிங் ஆயில் என்று லிட்டர் கணக்கில் விற்பவர்களிடம் இந்தத் தாளே இருக்காது. அந்த எண்ணெயில் முழங்கையை நனைத்துக்கொண்டு நிற்பது நாமல்ல, நம்மிடம் வேலை செய்யும் பிள்ளைகள்.

பட்டறையிலேயே செய்துபார்க்கும் சோதனை

தாளில் எல்லாம் சரியாக இருந்தாலும் ஐந்து லிட்டர் மாதிரி வாங்கிப் பாருங்கள். தாமிரச் சோதனைக்குப் பஸ்பார் (மின்பலகையில் வரும் செம்புப் பட்டை) துண்டு ஒன்று போதும். விரல் நீளத்துக்கு வெட்டி, 220 எமரி, பிறகு 400 எமரி என்று தேய்த்துப் புத்தம்புதிய செம்பாக மின்ன வையுங்கள். அதன் பிறகு விரல் படக் கூடாது. சுத்தமான துணியால் பிடியுங்கள். உயரமான கண்ணாடிக் குப்பியில் பட்டை முழுகும் அளவுக்கு எண்ணெய் ஊற்றி, குப்பியைத் தளதளவென்று கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். மின்சார அடுப்பில்தான் வைக்க வேண்டும். கூடத்துக்கு வெளியே வைப்பது நல்லது. தண்ணீர் வற்ற வற்ற ஊற்ற வேண்டும். ஒரு துளியும் எண்ணெய்க்குள் தெறிக்கக் கூடாது. எடுத்துத் தின்னரில் துடைத்து, தேய்த்து மட்டும் வைத்த இன்னொரு துண்டின் பக்கத்தில் வையுங்கள். இலேசான ஆரஞ்சு நிறத்தோடு நின்றிருந்தால் முதல் வகை. திராட்சைச் சிவப்போ ஊதாவோ வெள்ளிப் பளபளப்போ வந்தால் இரண்டாம் வகை. மயில் கழுத்து நிறம் தெரிந்தால் மூன்றாவது. கறுத்துவிட்டால் நான்காவது. ஆய்வகத்தில் 100 டிகிரியில் இதே மூன்று மணி நேரம் வைக்கிறார்கள். நம் குப்பிக்குள் சூடு கொஞ்சம் குறைவாகவே இருக்கும் என்பதால் இதைச் சான்றிதழாகக் கொள்ளாமல், இரண்டு எண்ணெய்களை ஒப்பிடப் பயன்படுத்துங்கள்.

டேப் சோதனைக்கு உங்கள் ஜாப்பின் உலோகத்தையே எடுங்கள். எஸ்.எஸ். 304 பட்டையில் புதிய 6.8 மி.மீ. டிரில்லால் துளைகள் போட்டு, ஒரே பெட்டியில் வந்த எம்8 டேப்புகளில் எண்ணெய்க்கு ஒன்றாகப் போடுங்கள். வேகம் மாறக் கூடாது. மெஷினின் ஓசையைக் கேளுங்கள். கீச்சென்ற சத்தம் வந்தாலே படலம் தாங்கவில்லை. துளையை நடுவில் அறுத்துப் பத்து மடங்கு லென்ஸில் திரெட்டின் சரிவைப் பாருங்கள். நல்ல எண்ணெயில் அது சீராகப் பளபளக்கும். போதாத எண்ணெயில் மீன் செதில் போலக் கிழிந்திருக்கும், டேப்பின் பல்லில் எஸ்.எஸ். ஒட்டியிருக்கும்.

ஜாப் பிறகு எங்கே போகிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிளேட்டிங்குக்கோ வெல்டிங்குக்கோ போகும் ஜாப்பில் எண்ணெய் முழுதாகக் கழுவப்பட வேண்டும். உங்களிடம் இருக்கும் வாஷிங் முறையில் கழுவிப் பார்த்து, தண்ணீர் படலமாகப் பரவுகிறதா, முத்து முத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் போகவில்லை.

விலைக் கணக்கு

லிட்டர் விலையை விட்டுவிட்டு ஜாப் விலையைப் பாருங்கள். ஓர் உதாரணத்துக்கு, 600 ரூபாய் டேப் 300 துளை போட்டால் துளைக்கு 2 ரூபாய். நல்ல எண்ணெயில் 500 துளை வந்தால் 1 ரூபாய் 20 காசு. 5,000 துளைக்கு 4,000 ரூபாய் மிச்சம். அதே வேலைக்கு 20 லிட்டர் எண்ணெய் செலவாகி, லிட்டருக்கு 60 ரூபாய் கூடுதல் என்றாலும் 1,200 ரூபாய்தான். உங்கள் சோதனையில் வந்த எண்களைப் போட்டுப் பாருங்கள். எண்ணெய் பெரும்பாலும் சுருளோடுதான் வெளியே போகிறது. துளையிட்ட தகட்டில் சுருளை ஒரு ராத்திரி வடியவிட்டு, கீழே சேரும் எண்ணெயை வடிகட்டித் திரும்ப ஊற்றினாலே செலவு குறையும்.

வாங்கிய பிறகு

210 லிட்டர் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைக்காதீர்கள். மேல்மூடியில் மழைநீர் தேங்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் டிரம் அந்த நீரை மூடியின் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். இடமில்லையென்றால் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் இருக்கும்படி உருட்டி நிறுத்துங்கள். நீர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டைச் சூடான தகட்டில் விடுங்கள். படபடவென்று வெடித்தால் நீர் இருக்கிறது.

எண்ணெய்ப் புகைக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பாகத் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் என்று வைத்திருந்தது. கூடத்தில் குழல் விளக்கைச் சுற்றி மங்கலான வளையம் தெரிந்தால் அளவெடுக்கக் காத்திராமல் மெஷினுக்கு மூடியும் புகை உறிஞ்சும் விசிறியும் போடுங்கள். எண்ணெய்த் துணியைக் கால்சட்டைப் பையில் செருகும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். முன்கையிலும் தொடையிலும் வரும் கொப்புளங்கள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. கையைத் தின்னரில் கழுவ விடாதீர்கள். சோப்பு வாங்கி வையுங்கள்.

எண்ணெய் மாற்றும்போது டேங்க், குழாய், பம்ப் எல்லாவற்றையும் காலி செய்து, அடியில் படிந்த சேற்றைச் சுரண்டி எடுத்து, புதிய எண்ணெயில் கொஞ்சத்தை ஊற்றிச் சுற்றவிட்டு அதையும் வடித்த பிறகே நிரப்புங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் போகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் அங்கே பரவியபோது வலையும் படகும் என்ன ஆயின என்பதை இந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அட்டவணை 1இல் 5.1 என்ற வகையில் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டும் கொடுங்கள். எடுத்துச் செல்லும்போது கழிவை அனுப்பியதற்கான ஆவணமான படிவம் 10இல் எழுதிக் கையெழுத்து வாங்கி, அந்த நகலை எண்ணெய் வாங்கிய பில்லோடு ஒரே கோப்பில் வையுங்கள்.